படத்தை முடித்துவிட்டு அறை தேடாதீர்கள்

இந்த இடத்துக்காகவே செய்கிற வீடியோ இன்ஸ்டலேஷன் (அறையையும் படைப்பின் பகுதியாக்கி வீடியோ காட்டும் கலை) என்று சொல்லிவிட்டு, பல கலைஞர்கள் வீட்டிலேயே எடிட் செய்து, கலர் பார்த்து, சவுண்ட் மிக்ஸும் முடித்த பிறகு போய் "எனக்கு எந்த ரூம்?" என்று கேட்கிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. அப்படிச் செய்த படத்தைப் பக்கத்து அறைக்கு மாற்றினாலும் ஒன்றும் குறையாது என்றால், அந்த இடத்துக்கும் அதற்கும் என்ன உறவு? 2008-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்துக்கு வீடியோ கலைஞர் பிபிலாட்டி ரிஸ்ட் செய்த படைப்பின் பெயரிலேயே அந்தக் கூடத்தின் கொள்ளளவு, 7354 கன மீட்டர், இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய வட்ட சோபா, செருப்பைக் கழற்றிவிட்டு அதில் சாய்ந்து பார்க்க வேண்டும். கூடத்தை எடுத்துவிட்டால் படைப்பும் போய்விடும்.

இடத்தை ஒரே தடவை, அதுவும் காலை பதினோரு மணிக்குப் பார்த்துவிட்டு வருவது அடுத்த தவறு. நானே செய்திருக்கிறேன். கடலோர ஊர் ஒன்றில் பழைய மிளகுக் கிடங்கு, ஓட்டுக் கூரை, உள்ளே நல்ல இருட்டு. திறப்பு நாளன்று மாலை நாலரைக்கு, விலகியிருந்த ஓட்டின் சந்தில் உள்ளங்கை அகல வெயில் இறங்கி, படத்தில் இருந்த கிழவியின் முகத்தின் மேல் மெதுவாக ஊர்ந்து போனது. இருபது நிமிடம் முகமே இல்லை. முன்னாலேயே ஒரு முழு நாள் அங்கே உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

வெளிச்சக் கணக்கு சுலபம்தான். 4000 லூமன் (மெஷின் வெளியிடும் மொத்த ஒளியின் அளவு) ப்ரொஜெக்டரில் 4 மீட்டர் அகலம், 2.25 மீட்டர் உயரத்துக்குப் படம் போட்டால் பரப்பு 9 சதுர மீட்டர், ஆக ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 444 லூமன், அதாவது 444 லக்ஸ். ஜன்னல் மூடாத அறையில் பகல் வெளிச்சமே அந்த அளவைத் தொட்டுவிடும். அதோடு, ப்ரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. படத்தின் கறுப்பு எவ்வளவு கறுப்பு என்பதைச் சுவரின் நிறமும் அறையில் கசியும் வெளிச்சமும்தான் முடிவு செய்கின்றன. இருட்டுக் காட்சிகளை லேப்டாப் திரையை நம்பி முடிக்காமல், அந்தச் சுவரிலேயே போட்டுப் பார்த்து மறுபடி திருத்துங்கள்.

தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். த்ரோ ரேஷியோ, அதாவது ப்ரொஜெக்டரின் தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது, 1.5 என்றால் 4 மீட்டர் அகலப் படத்துக்கு 6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், அந்த 6 மீட்டருக்குள் ஆட்கள் நடந்தால் நிழல் விழும். கோணலாக வைத்துவிட்டு கீஸ்டோனில் (கோணல் படத்தை மெஷினே நிமிர்த்திக் காட்டும் வசதி) சரிபண்ணிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். அது பிக்சலைத் தின்றுவிடும். லென்ஸை மட்டும் நகர்த்திப் படத்தை இடம் மாற்றும் லென்ஸ் ஷிப்ட் இருக்கிற மெஷினாகக் கேளுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது சுவரை மறைப்பதுதான். சுண்ணாம்பு உதிர்ந்து ஓதம் படர்ந்த சுவர் கிடைத்திருக்கும், அதன்மேல் ப்ளைவுட் அடித்து வெள்ளை பெயிண்ட் பூசிவிடுவார்கள். இந்தியக் கலைஞர் ரண்பீர் கலேக்கா தான் தீட்டிய ஓவியத்தின் மேலேயே வீடியோவைப் பாய்ச்சுகிறார். இன்னொரு இந்தியக் கலைஞரான நளினி மலானி, ஓவியம் தீட்டிய ஒளிபுகும் உருளைகளைச் சுழலவிட்டு அவற்றின் ஊடாகப் படத்தை அனுப்புகிறார். படம் விழுகிற பரப்பும் பேசும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சத்தத்துக்கு ஒரு சின்ன சோதனை: வெறும் அறையில் கை தட்டிப் பாருங்கள். எதிரொலி நீண்டால் அங்கே வசனம் எடுபடாது, ஸ்பீக்கரைப் பெரிதாக்கினால் இன்னும் குழம்பும். லண்டன் செயின்ட் பால் பேராலயத்துக்காக 2014-ல் வீடியோ கலைஞர் பில் வயோலா செய்த நான்கு திரைப் படைப்பில் சத்தமே கிடையாது. வழிபாடு நடக்கிற இடத்தில் அது எவ்வளவு சரியான முடிவு!

அப்புறம், திறப்பு விழாவோடு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். கொச்சி-முசிரிஸ் பினாலே மாதிரி மாதக்கணக்கில் நடக்கும் கண்காட்சியில் 108 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் 864 மணி நேரம் ஓட வேண்டும், நடுவில் தூசி, உப்புக்காற்று, கரண்ட் போய்ப் போய் வருவது எல்லாம் உண்டு. கரண்ட் வந்ததும் தானே ஓடத் தொடங்குகிற ப்ளேயர் வையுங்கள். காலையில் கதவைத் திறக்கிறவரிடம் எதை முதலில் போட வேண்டும், எதைக் கடைசியில் அணைக்க வேண்டும் என்று அவர் மொழியிலேயே எழுதிக் கொடுத்து, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்க, ஒரு தடவை அவரையே முழுசாகப் போட்டு அணைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.