இத்தாலிய மொழியின் குட்டிச் சொற்கள்: தொடக்கநிலை மாணவர்களுக்கு

சின்னதைக் குறிக்க நாம் பூனைக்குட்டி, சிறுகதை என்று சொல்லோடு இன்னொரு சொல்லைச் சேர்ப்போம். இத்தாலியர்கள் சொல்லின் வாலை மட்டும் மாற்றுவார்கள். அந்த வால் அளவைக் குறைப்பதோடு நிற்பதில்லை. பல சமயம் புதுப்பொருளையே கொண்டுவந்துவிடும். அதனால்தான் முதல் மாதத்திலேயே இதைப் படிக்கச் சொல்கிறேன்.

படி 1: கடைசி உயிரொலியை எடுங்கள்

சொல்லின் கடைசி உயிரொலியை நீக்கிவிட்டு, ஆண்பாலானால் 'ஈனோ', பெண்பாலானால் 'ஈனா' சேருங்கள். தாவொலோ என்றால் மேசை. தாவொலீனோ சின்ன மேசை. ஃப்ரதெல்லோ சகோதரன், ஃப்ரதெல்லீனோ தம்பி. சொரெல்லா சகோதரி, சொரெல்லீனா தங்கை. தம்பி, தங்கைக்கென்று நம்மிடம் தனிச் சொல்லே இருக்கிறது. அங்கே அந்த வேலையை ஒரு விகுதி செய்துவிடுகிறது. பேசும்போது அழுத்தம் 'ஈ' மேல் விழ வேண்டும்.

படி 2: 'எத்தோ', 'எல்லோ' வால்களைப் பழகுங்கள்

காஸா வீடு, காஸெத்தா சின்ன வீடு. ஒரெக்கியோ காது, புலியா பகுதியின் புகழ்பெற்ற பாஸ்தாவான ஒரெக்கியெத்தே 'குட்டிக் காதுகள்'. சில சொற்களில் நடுவே ஒரு 'ச' ஒலி நுழையும். வெர்மே என்றால் புழு; நம் சேமியா பாக்கெட்டில் பார்க்கும் வெர்மிசெல்லி என்ற பெயருக்குக் குட்டிப் புழுக்கள் என்று பொருள். ஸ்பாகோ கயிறு, அதிலிருந்து வந்ததே ஸ்பகெட்டி.

எந்தச் சொல்லுக்கு எந்த வால் என்பதற்கு உறுதியான விதி கிடையாது, வழக்கம்தான் முடிவு செய்யும். நீங்களாக ஒட்டிப் பார்க்காமல் அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காஸாவோடு 'ஈனோ' சேர்த்துக் காஸீனோ என்றால், இன்றைய பேச்சில் அது பெருங்குழப்பம், ரகளை என்றாகிவிடும்.

படி 3: பொருள் மாறியவற்றைத் தனியாக மனப்பாடம் செய்யுங்கள்

தெலெஃபொனீனோ என்பது செல்போன். ஃபினெஸ்த்ரா வீட்டு ஜன்னல், ஃபினெஸ்த்ரீனோ ரயில் அல்லது கார் ஜன்னல். பெண்பால் சொல் ஆண்பாலாகவே மாறிவிட்டதைக் கவனியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இசைக்கருவிகளின் கதை. வியோலாவின் சிறிய வடிவம் வியொலீனோ, அதாவது நம் வயலின். 'ஓனே' என்பது பெரிதாக்கும் வால். அதைச் சேர்த்தால் வியொலோனே, பெரிய வியோலா. அதற்கும் ஒரு குட்டி வால் ஒட்டி வியொலொஞ்செல்லோ என்றார்கள். பிறகு முன்பகுதியை விட்டுவிட்டு, உலகமே அதைச் செல்லோ என்று அழைக்கிறது. ஆள் உட்கார்ந்து வாசிக்கும் அவ்வளவு பெரிய கருவிக்கு வெறும் குட்டி வாலே பெயராக நிற்கிறது!

மனிதர்களுக்கும் இப்படிப் பெயர் வரும். 1594-ல் இறந்த வெனிஸ் ஓவியர் தின்தொரெத்தோவின் தந்தை துணிக்குச் சாயம் தோய்ப்பவர், அதாவது தின்தோரே. மகன் 'குட்டிச் சாயக்காரர்' ஆனார்.

படி 4: போலி வால்களை அடையாளம் காணுங்கள்

போஸ்தா தபால். போஸ்தீனோ சின்னத் தபால் அல்ல, தபால்காரர். தாக்கோ செருப்பின் குதிகால், ஆனால் தாக்கீனோ வான்கோழி, இரண்டும் தொடர்பில்லாதவை.

சரி, இப்போது ஒரு பயிற்சி. லிங்குவா என்றால் நாக்கு. லிங்குவீனே என்ற பாஸ்தாவின் பெயருக்கு என்ன பொருள் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.