ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. 3 மாதத்தில் அசையும் பொருளைக் கண்ணால் தொடர வேண்டும். அதுவரை எப்போதாவது கண் விலகினால் பயமில்லை. 4 மாதத்துக்குப் பிறகும் மாறுகண் தெரிந்தால் காட்டிவிடுங்கள், 'வளர்ந்தால் சரியாகும்' என்று காத்திருக்க வேண்டாம்.

அதிகம் தவறிப்போவது சோம்பேறிக் கண். ஒரு கண் நன்றாகத் தெரிவதால் குழந்தை குறை சொல்லாது. மங்கலான கண்ணின் படத்தை மூளை ஒதுக்கப் பழகிவிடும். 7 வயதுக்குள் கண்டுபிடித்தால் சிகிச்சை நன்றாகப் பலிக்கும். வீட்டில், ஒவ்வொரு கண்ணாக உள்ளங்கையால் மூடிப் பாருங்கள் (விரல் என்றால் இடுக்கு வழியே பார்த்துவிடும்). ஒரு கண்ணை மூடும்போது மட்டும் சிணுங்கிக் கையைத் தள்ளினால், மற்றக் கண்ணில் சந்தேகம். சிணுங்காவிட்டாலும் 3 வயதிலும் பள்ளி சேரும் முன்பும் பரிசோதனை தேவை. சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பதை மறுக்காதீர்கள். குழந்தையின் கண் தசை இறுகித் தூரப்பார்வைக் குறையை (கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரிவது) மறைத்துவிடும்; மருந்து அந்தத் தசையைத் தளர்த்தும்.

குறைமாதக் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை, பிறந்து சுமார் 4 வாரத்தில். ஃபிளாஷ் படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் உடனே மருத்துவரிடம்.