சொல்லிக்கொண்டு போவது எப்படி? குத்துச்சண்டைக் கூடத்திலிருந்து விலகுபவர்களுக்குச் சில படிகள்

பத்தொன்பது வயதில், நாகர்கோவிலில் பயின்றுகொண்டிருந்த கூடத்திலிருந்து நான் சொல்லாமல் நின்றுவிட்டேன். மார்த்தாண்டம் பக்கம் வேலை கிடைத்திருந்தது. அங்கேயே வேறொரு கூடத்தில் சேர்ந்தேன். மாதக் கட்டணம் பாக்கியில்லை, பிறகென்ன என்று நினைத்தேன். வடசேரி பஸ் நிலையத்து டீக்கடையில் யாரோ ஒரு பையன் சொல்லித்தான் மாஸ்டருக்கு விஷயம் தெரிந்ததாம். எட்டு மாதம் கழித்து ஒரு போட்டியில் எதிர் மூலையில் அவர் நின்றார். சண்டை முடிந்ததும் எதிராளியின் பயிற்சியாளருக்குக் கை கொடுப்பது வழக்கம். கை கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தத் தவற்றை நீங்கள் செய்யாமலிருக்கவே இதை எழுதுகிறேன். அடிமுறை, வர்மம் என்ற பழைய தற்காப்புக் கலைகள் வளர்ந்த இந்தக் குமரி மாவட்டத்தில் ஆசான் என்ற சொல்லுக்கு இன்னும் எடை உண்டு. இரும்பு தூக்கும் ஜிம்மில் சந்தாவை நிறுத்துவது போன்றதல்ல இது. உங்கள் முகத்துக்கு எதிரே பேட் (குத்துகளை வாங்கும் மெத்தைக் கையுறை) பிடித்து, ஒவ்வொரு குத்தின் அதிர்வையும் தன் தோளில் வாங்கியவரிடமிருந்து விலகுகிறீர்கள்.

முதல் படி: காரணத்தை உங்களுக்கே சொல்லிப் பாருங்கள்

புதியவர்களில் பலருக்கு நின்றுவிடத் தோன்றுவது முதல் ஸ்பாரிங்குக்கு, அதாவது ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகும் பயிற்சிக்கு, மறுநாள்தான். மூக்கு வீங்கியிருக்கும், மானம் அதைவிட வீங்கியிருக்கும். இரண்டு வாரம் பொறுங்கள். கட்டணம், நேரம், அடி அதிகம் என்பவைதாம் காரணமென்றால் அதையே மாஸ்டரிடம் சொல்லலாம். நேரத்தை மாற்றுவார், ஸ்பாரிங்கைக் குறைப்பார். கேட்காமல் அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு விதிவிலக்கு. வசை, தகாத தொடுகை, தலை சுற்றுகிறது என்றாலும் விடாமல் வளையத்துக்குள் தள்ளுவது போன்றவை நடந்திருந்தால் இந்தப் படிகள் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. வீட்டில் சொல்லிவிட்டு அன்றே வெளியேறுங்கள். அங்கே மரியாதைக் கடன் எதுவும் கிடையாது.

இரண்டாம் படி: போட்டி நெருங்கும்போது விலகாதீர்கள்

உங்கள் எடைப் பிரிவில் உங்கள் பெயரைக் கொடுத்திருப்பார்கள். கடைசி நேரத்தில் நீங்கள் விலகினால் அந்த இடத்தில் இன்னொருவரை நிறுத்துவது எளிதல்ல. அதே எடைக்குள் இருக்கும் ஆள் வேண்டும். ஆடி முடித்துவிட்டு விலகுங்கள், தோற்றாலும் சரி.

மூன்றாம் படி: நேரில், தனியாக, முதலில் அவரிடம்

நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். செய்திக்கு அந்தத் தூரமும் கிடையாது. கூட்டாளியிடம் முதலில் சொன்னால் மாலைக்குள் அது மாஸ்டர் காதுக்குப் போய்விடும், கொஞ்சம் உப்பு, காரம் சேர்ந்து. வாட்ஸப்பில் நாலு வரி அனுப்புவது இன்னும் மோசம்.

நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். சுற்று மணி அடித்துக்கொண்டிருக்கும்போதோ, தகரக் கூரையில் ஆடிச் சாரல் இறங்கி ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காத வேளையிலோ வேண்டாம். எல்லோரும் கையுறைக்குள் சுற்றும் கைக்கட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, அவர் பேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும் நேரம் நல்ல நேரம். இப்படித் தொடங்கலாம்:

"மாஸ்டர், இரண்டு நிமிடம் பேச வேண்டும். மாதக் கடைசியோடு நான் இங்கிருந்து விலக வேண்டியிருக்கிறது. வேறு யாரும் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நானே வந்தேன்."

அதற்குமேல் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். சென்னையில் படிப்பு, வளைகுடாவில் வேலை என்றால் எளிது. வேறு கூடத்துக்குப் போவதாக இருந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்போதும் பொய் வேண்டாம். "படிப்பு அதிகம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் வேறு கூடத்தின் பனியனோடு போட்டிக்கு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். "அங்கே போகிறேன் மாஸ்டர், எனக்கு அது பக்கம்" என்றால் போதும். அங்குள்ள பயிற்சி உயர்ந்தது, இங்குள்ளது தாழ்ந்தது என்ற ஒப்பீட்டை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கோபப்படலாம். "உனக்கு நிற்கக் கற்றுக் கொடுத்ததே நான்தான்" என்பார். உண்மைதானே, ஒப்புக்கொள்ளுங்கள். வாதாட வேண்டாம். கிளம்பும்போது "போகிறேன்" என்று சொல்லாமல் "போய்வருகிறேன்" என்று சொல்லுங்கள்.

முகமது அலியும் ஒருவரை விட்டு விலகியவர்தான். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று தொழில்முறைக்கு வந்ததும் மூத்த குத்துச்சண்டை வீரர் ஆர்ச்சி மூரின் பயிற்சி முகாமுக்குப் போனார். பெருக்குவது, பாத்திரம் கழுவுவது போன்ற வேலைகள் பிடிக்கவில்லை; கிளம்பி, மயாமியில் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டியிடம் சேர்ந்தார். 1962 நவம்பரில் அதே மூரை வளையத்தில் சந்தித்து நான்காவது சுற்றில் வீழ்த்தினார். நமக்கு அந்த அளவுக்கு வேண்டாம். ஆனால் விட்டு வந்தவர் எதிரே வந்து நிற்பார் என்பதற்கு அலியின் கதையும் சாட்சி.

நான்காம் படி: கணக்கை முடியுங்கள்

பாக்கிக் கட்டணம், கூடத்துக் கையுறை, தலைக்கவசம், சாவி எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள். இரவல் வாங்கிய கைக்கட்டைத் துவைத்துக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். நாலரை மீட்டர் துணியில் எவ்வளவு வியர்வை தங்கும் என்று உங்களுக்கே தெரியும். போட்டிச் சான்றிதழ்கள் அவரிடம் இருந்தால் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தகுதியான சான்றிதழ் என்றாவது உதவும்.

ஐந்தாம் படி: காயங்களை மறைக்காதீர்கள்

பலரும் தவறவிடும் படி இது. தலையில் குத்து வாங்கி நாக்-அவுட் ஆனவர் குறைந்தது 30 நாள் போட்டியிலும் ஸ்பாரிங்கிலும் இறங்கக் கூடாது என்பது அமெச்சூர் குத்துச்சண்டையில் நெடுங்காலமாக உள்ள விதி. மூன்று மாதத்துக்குள் மீண்டும் நடந்தால் ஓய்வு மூன்று மாதமாக நீளும். பழைய மாஸ்டருக்கு இது நினைவிருக்கும். புதியவருக்கு நீங்கள் சொன்னால்தான் உண்டு. புது இடத்தில் திறமையைக் காட்டும் அவசரத்தில் இதை விழுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தேதியில் அடிபட்டது, எந்த மணிக்கட்டு நோகும் என்று பழையவரிடமே கேட்டு ஒரு தாளில் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள். அப்படிக் கேட்டுச் செல்பவர் மீது கோபத்தை நீட்டிப்பதும் கடினம்.

ஆறாம் படி: கடைசி நாள்

வழக்கம்போல முழுப் பயிற்சியும் செய்யுங்கள். ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிப் போனால் பயிற்சி முடிந்ததும் எல்லோரும் சாப்பிடலாம். மாஸ்டருக்குத் தனியாக ஏதாவது கொடுக்க நினைத்தால் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுங்கள், பழைய ஆசான்மாருக்குக் கொடுப்பதுபோல. "கடைசியாக ஒரு கை பார்ப்போம்" என்று எவனாவது ஸ்பாரிங்குக்கு இழுத்தால், லேசாக ஆடுவதானால் மட்டும் சம்மதியுங்கள். பழைய கணக்குத் தீர்க்கும் நாள் அல்ல அது.

ஏழாம் படி: புது இடத்தில் வாய்

பழைய கூட்டாளி ஒருவன் எதிராளியாக வருவான். ஜாப் (முன்னே நிற்கும் கையால் விடும் நேர்க்குத்து) அடித்ததும் அவன் இடது கை கீழே இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நூறு முறை அந்த இடைவெளியில் குத்தியிருக்கிறீர்கள். உங்கள் சண்டையில் அதைப் பயன்படுத்துங்கள். உடம்பு கற்றதை மறக்க முடியாது. அவன் வேறொருவனோடு மோதும்போது, அந்த வேறொருவனுக்கு அதை ஓதுவது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. புது மாஸ்டர் கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் பழைய கூடத்துக்குப் போங்கள். கையில் சொந்தக் கைக்கட்டு இருக்கட்டும். பேச்சு தொடங்குவதற்கு முன்பே மாஸ்டர் பேட்டை எடுத்து மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.