கடன் அட்டையின் வட்டியும் கட்டணமும் மாறப்போவதாக அறிவிப்பு வந்தால் செய்ய வேண்டியவை

"உங்கள் அட்டையின் விதிமுறைகளில் சில மாற்றங்கள்" என்ற தலைப்பில் நான்கு வரி மின்னஞ்சல் ஒன்று வந்தது. அதை விளம்பரம் என்று எண்ணி ஒதுக்கிவிட்டேன். இரண்டு பில்கள் கழித்து வட்டி கூடியிருந்ததைக் கண்டு, அட்டையே வேண்டாம் என்று முழுத் தொகையையும் கட்டினேன். அதற்குப் பிறகும் அடுத்த மாதம் ஒரு பாக்கி முளைத்தது. அந்தப் பாக்கி எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. புதிதாக அட்டை வாங்கியவர்கள் அந்த அலைச்சலைத் தவிர்க்கலாம் என்பதால், இப்போது நான் கடைப்பிடிக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: அறிவிப்பையும் பழைய விதிமுறைகளையும் சேமியுங்கள்

மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ உள்ள இணைப்பை அழுத்தாமல், வங்கியின் செயலியையோ இணையதளத்தையோ நீங்களே திறந்து அறிவிப்பைத் தேடுங்கள். விதிமுறை மாற்றம் என்ற பெயரில் கடவுச்சொல்லைக் கறக்கும் போலிச் செய்திகள் ஏராளம். கிடைத்த அறிவிப்பை பி.டி.எஃப். கோப்பாகச் சேமிப்பதோடு, இன்று நடப்பில் இருக்கும் விதிமுறை ஆவணத்தையும் கட்டண அட்டவணையையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஆவணம் அதே முகவரியில் ஏற்றப்பட்டுவிட்டால், பழையதில் என்ன இருந்தது என்று காட்ட உங்களிடம் எதுவும் இராது. அப்படித் தவறவிட்டிருந்தால் பழைய பில்களின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் அப்போதைய வட்டி வீதம் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

படி 2: எது, எப்போது, எந்த நிலுவைக்கு?

மாறுவது நிலுவைத் தொகைக்கான வட்டியா, ஆண்டுக் கட்டணமா, தாமதக் கட்டணமா, வெளிநாட்டுச் செலவுக்கான கூடுதல் கட்டணமா என்பதை அறிவிப்பு ஓரளவு தெளிவாகவே சொல்லிவிடும். சிக்கல் தேதியில்தான் இருக்கிறது. மாற்றம் 1ஆம் தேதி நடைமுறைக்கு வருகிறது, உங்கள் பில் 15ஆம் தேதி உருவாகிறது என்றால், அந்தப் பில்லின் முற்பகுதி பழைய வீதத்திலும் பிற்பகுதி புதிய வீதத்திலும் கணக்கிடப்படலாம், அல்லது பில் முழுவதற்கும் புதிய வீதமே போடப்படலாம். ஆகவே "1ஆம் தேதிக்கு முன்பே இருந்த நிலுவைக்கு எந்த வீதம்?" என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இதற்கான விடை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டின் கடன் அட்டைச் சட்டப்படி, முக்கியமான மாற்றங்களை 45 நாட்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். தவணை 60 நாட்கள் தவறியது போன்ற சில விலக்குகள் நீங்கலாக, ஏற்கெனவே இருக்கும் நிலுவைக்கு வட்டியை உயர்த்த முடியாது. இந்திய ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விதிகளின்படி, கட்டண மாற்றம் முன்தேதியிட்டு வரக் கூடாது, குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்பும் தேவை. அந்த மாற்றம் தமக்குப் பாதகம் என்று கருதி ஒருவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தால், நிலுவையைத் தீர்த்த பிறகு மூடுவதற்கென்று தனிக் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது. வேறு நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் விதிமுறை மாற்றம் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகும் அட்டையைப் பயன்படுத்தினால் புதிய விதிமுறையை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

படி 3: உங்களுக்கு இது எவ்வளவு பாதிப்பு?

மாதம் 3.5 சதவீதம் 3.75 ஆகிறது என்றால் கால் சதவீதம்தானே என்று தோன்றும். பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 42 சதவீதம் 45 ஆகிறது. ஆனால் மாதந்தோறும் முழுத் தொகையையும் கடைசித் தேதிக்குள் கட்டிவிடுபவருக்கு வட்டி 45 ஆனாலும் 60 ஆனாலும் ஒன்றுதான். அவர் கவலைப்பட வேண்டியது கட்டணங்களைப் பற்றி மட்டுமே. நிலுவையை இழுத்துக்கொண்டு போகிறவரோ ஆண்டுக் கட்டணத்தை விட்டுவிட்டு வட்டியைத்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டில் தாம் யார் என்று தெரியாமலேயே பலர் கோபப்படுகிறார்கள்.

கணக்குப் போட லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளின் விரிதாளே போதும். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும் செலவுக் கணக்குச் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்து வரிக் கணக்குக்காக என் வங்கிச் செய்திகள் அனைத்தையும் யாரோ ஒருவருக்குத் திறந்துகாட்ட மனம் ஒப்பவில்லை. கடந்த பன்னிரண்டு மாதங்களில் கட்டிய கட்டணங்களை ஒரு பத்தியிலும், உண்மையில் பயன்படுத்திய சலுகைகளை மறு பத்தியிலும் எழுதுங்கள். விமான நிலைய ஓய்வறைச் சலுகை இருக்கிறது என்பது கணக்கில் வராது, போய் உட்கார்ந்தீர்களா என்பதுதான் கணக்கு.

படி 4: கேளுங்கள்

ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. வட்டியைக் குறைப்பது அரிது. ஆண்டுக் கட்டணம் இல்லாத வேறு வகை அட்டைக்கு மாற்றித் தரச் சொல்லியும் கேட்கலாம். தொலைபேசியில் பேசினாலும், ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிப் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: மூடுவதானால், பில்லில் உள்ள தொகையைக் கட்டுவது போதாது

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். என் பில் 15ஆம் தேதி உருவாயிற்று. அதில் கண்ட மொத்தத் தொகையை அடுத்த மாதம் 2ஆம் தேதி கட்டிவிட்டு, கணக்கு தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். முந்தைய மாதத்திலிருந்தே நிலுவை இருந்ததால் வட்டி நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்தது என்பதும், பில்லில் அச்சாகியிருந்தது 15ஆம் தேதி வரைக்குமான வட்டி மட்டுமே என்பதும் எனக்கு உறைக்கவில்லை. 15ஆம் தேதியிலிருந்து 2ஆம் தேதி வரை 18 நாட்கள். ஆண்டுக்கு 42 சதவீதத்தை 365ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.115 சதவீதம், 18 நாட்களுக்கு 2.07 சதவீதம். நிலுவை 10,000 என்றால் 207 பாக்கி நிற்கும். மூடிவிட்டதாக நினைத்த கணக்கின் பில்லை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்தச் சிறு தொகைக்குத் தாமதக் கட்டணம் சேர்ந்து, பணம் கட்டத் தவறியவர் என்று கடன் அறிக்கையில் (நம் கடன் வரலாற்றைக் கடன் கொடுப்பவர்களுக்குக் காட்டும் ஆவணம்) பதிவாவது அப்படித்தான்.

எனவே அட்டையில் புதிய செலவு செய்வதை முதலில் நிறுத்துங்கள். நிலுவை இருக்கும்போது புதிய செலவுகளுக்கு வட்டியில்லாக் காலம் பொதுவாகக் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பிறகு வாடிக்கையாளர் சேவைக்கு இப்படி எழுதுங்கள்: "இன்ன தேதியில் கணக்கை முழுமையாகத் தீர்க்க, அந்நாள் வரையிலான வட்டியும் வரியும் சேர்த்துக் கட்ட வேண்டிய தொகையைத் தெரிவிக்கவும். விதிமுறை மாற்றத்தை ஏற்க விரும்பாததால் கணக்கை மூடக் கோருகிறேன்." அவர்கள் சொல்லும் தொகையை அதே தேதியில் கட்டுங்கள், ஒரு நாள் தள்ளினாலும் கணக்கு மாறும். மூடியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிய பின்பும் அடுத்த பில் சுழற்சி முடியும் வரை கணக்கைப் பார்த்துவாருங்கள்.

பிற்சேர்க்கை 1: மூடும் முன் ரிவார்டு புள்ளிகளைப் பயன்படுத்திவிடுங்கள் என்று எழுத மறந்தேன், மூடிய பிறகு அவை பெரும்பாலும் போய்விடும் என்று ஒரு வாசகர் நினைவூட்டினார். தவணையாக மாற்றிய பொருட்கள் இருந்தால் மீதித் தவணைகள் முழுவதையும் ஒரே நேரத்தில் கேட்பார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 2: இந்தியாவில் கடன் அட்டைக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க முடியாது என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அப்படி உத்தரவிட்டது உண்மை. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை ரத்து செய்துவிட்டது. அந்த உத்தரவைக் காட்டி வங்கியோடு வாதிட வேண்டாம்.

பிற்சேர்க்கை 3: அட்டையைத் தொடாமலே இருந்தும் புதிய செலவு விழுந்ததாக ஒருவர் சொன்னார். மாதச் சந்தா ஒன்று அந்த அட்டையில் தானாகக் கழிந்துகொண்டிருந்திருக்கிறது. கடந்த ஓராண்டு பில்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை வேறு அட்டைக்கு மாற்றிய பிறகு படி 5க்குச் செல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் கழியும் சந்தாக்கள் அண்மை மாதங்களின் பில்களில் தென்படாது, அதனால்தான் ஓராண்டு என்கிறேன்.