புகையாத அடுப்புக்கு விறகுதான் முதலில்

வீட்டு விறகடுப்பு ஓயாமல் புகைந்தது. அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. சீமைக்கருவேலம் வெட்டி 3 வாரம்தான் ஆகியிருந்தது. எரியும்போது கட்டையின் மறுமுனையில் நுரை கொப்பளித்து 'சுர்' என்றால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூடு போய்விடும், மரம் முழுதாக எரியாமல் புகையாகும், புகைக்கூண்டில் தார் போல கரி ஒட்டும்.

கட்டைகளை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் இடைவெளி விட்டு அடுக்கினேன். மேலே மட்டும் தகரம். பக்கங்களை மூடக் கூடாது, காற்று ஓடணும். 6 மாதத்தில் நுனியில் வெடிப்பு விழுந்தது, பட்டை கழன்றது, இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்' என்றது. விறகு காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சவுக்கும் கருவேலமும் நின்று எரியும், தணலும் நிற்கும். தென்னை மட்டை பற்றவைக்க மட்டும். முருங்கை வீண்.

அரளிக் குச்சி ஒன்றுகூட அடுப்புக்குள் போகக் கூடாது, அதன் புகையே விஷம். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்தேற்றிய மரமும் அப்படியே.

அடுப்பு வாயை அடைக்காமல் 3 கட்டை போதும். கீழே சாம்பலை தினமும் வாரினால்தான் காற்று ஏறும். ஜன்னல் திறந்திருக்கட்டும், புகையே தெரியாத தணல்கூட மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடால் ஆளைக் கொல்லும்.