தைப்பொங்கலுக்குப் பிறகு கொழும்புத் தோட்டத்தில் நடக்கும் பிழைகள்

கனடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் விதைப் பைக்கற்றின் பின்பக்கத்தில் 'கடைசி உறைபனிக்குப் பிறகு விதைக்கவும்' என்று இருக்கும். அதற்குக் காத்திருந்தால் கொழும்பில் ஆயுளுக்கும் விதைக்க முடியாது. இங்கே ஜனவரி இரவிலும் வெப்பம் 22 பாகை செல்சியஸ் அளவில்தான். நாங்கள் பார்க்க வேண்டியது மழையை. ஜனவரியும் பெப்ரவரியும் இங்கே மழை குறைந்த மாதங்கள். மார்ச்சில் பின்னேர இடிமழை ஆரம்பிக்கும், ஏப்ரலில் கொட்டும், மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும். தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் இடையில் விடும் பிழைகள் அந்த மழையில்தான் வெளியே தெரியும்.

அதிகம் ஏமாறுவது தக்காளியில். மார்ச்சில் நாற்று வாங்கி நட்டால் செடி நன்றாகத்தான் வளரும், பூக்கவும் செய்யும். ஆனால் இரவு வெப்பம் 21 பாகையைத் தாண்டத் தாண்டப் பூ காயாகாமல் உதிரும். உரம் போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது. மார்கழி, தை இரவுகளில் பூக்கிற மாதிரி முன்கூட்டியே நட்டவருக்குத்தான் ஓரளவு காய் கிடைக்கும்.

மழையோடு பக்டீரியா வாடல் நோயும் வரும். நேற்று நிமிர்ந்து நின்ற தக்காளிச் செடி, இலை பச்சையாக இருக்கும்போதே தொங்கிப்போகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு வாளி ஊற்றுவோம். அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். தண்டை அடியில் வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை மட்டும் நனையும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல ஒரு நூல் இறங்கினால் அந்த நோய்தான். செடியை வேரோடு குப்பையில் போடுங்கள், கூட்டெருக் குழிக்குள் போடாதீர்கள். அதே மண்ணில் கத்தரியோ கொச்சிக்காயோ வைப்பதும் வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம். கங்குன் கீரையோ பயற்றங்காயோ போடலாம்.

கொத்தமல்லியை மார்ச் வெயிலில் போட்டால் நாலு இலை விட்டதும் பூத்துவிடும். தை பிறந்ததுமே, விதையை இரண்டாக உடைத்து, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் நேரடியாகப் போடுங்கள். பிடுங்கி நடுவது அதற்கு ஒத்துவராது.

கறிவேப்பிலையைக் கொளுத்தும் பெப்ரவரியில் மொட்டையடிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். மார்ச் மழை தொடங்கும் நேரம் நுனிகளை வெட்டினால் தளிர் சுலபமாக வரும். பூங்கொத்தைக் கிள்ளிவிடுங்கள், இலை கூடும். றம்பையையும் சேரையையும் (எலுமிச்சைப் புல்) பிரித்து நடவும் அதே நேரந்தான் நல்லது.

தும்புச்சோற்றுக் கட்டியை (தேங்காய் மட்டைத் தூளை அழுத்திச் செய்தது) ஊறவைத்து அப்படியே சாடியில் நிரப்புவது இன்னொரு பிழை. அதில் உப்பு இருக்கலாம். இரண்டு தடவை ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாவியுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலைப் பார்த்த பல்கனிகளுக்கு உப்புக்காற்று வேறு இருக்கிறது. அங்கே மழையில்லாத நாட்களில் இலைகளையும் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

வெயில் காலமென்று சாடிக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீரைத் தேக்குகிறோமே, அதுதான் எனக்குப் பிடிக்காத வேலை. வேர் அழுகுவது ஒரு பக்கம் இருக்கட்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டு காய்ந்தாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். வீட்டில் நுளம்பு பெருகவிட்டால் வழக்குப் போட 2007ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மண் காயாமலிருக்கப் பொச்சுமட்டை பரப்புகிறவர்கள், குழிந்த பக்கம் நிலத்தைப் பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள்.