ஆட்டுக்குடலில் எந்தப் புழு எங்கே இருக்கிறது: பார்ப்பது எப்படி

ஆடு அறுத்த கையோடு குடலை வாங்கிவிடுங்கள். நேரம் போகப்போகப் புழுக்கள் இடம் மாறிவிடும்; அப்புறம் பார்த்துப் பயனில்லை. கையுறை போட்டுக்கொண்டு, முதல் வேலையாக நான்காம் இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் சேருமிடங்களைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் தனி வாளியில் நீளவாக்கில் வெட்டி, அலசி, நுண்சல்லடையில் வடித்து, கறுப்புத் தட்டில் பரப்புங்கள்.

நான்காம் இரைப்பையில் ரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுவான ஹீமோங்கஸ் இருக்கும். பெண்புழுவை லென்ஸில் பாருங்கள்: ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலை வெள்ளைச் சூலகம் முறுக்கிச் சுற்றியிருக்கும். எனக்கு இன்றும் அலுக்காத காட்சி அது. சிறுகுடலில் நாடாப்புழு, பெருங்குடல் தொடக்கத்தில் சாட்டைப்புழு. இப்படி இடம் பிரித்துக்கொள்வதால் ஒரே ஆட்டில் பல இனங்கள் பிழைக்கின்றன.

நாடாப்புழுவை எண்ணினால் மட்டும் போதாது, அளந்தும் பாருங்கள். அதற்கு வாய் கிடையாது. தோலாலேயே சத்தை உறிஞ்சும். கூட்டம் பெருகினால் ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும். எலிகளில் ஒட்டுண்ணி ஆய்வாளர் ஜான் ஹோம்ஸ் 1961இல் காட்டியது இன்னும் தெளிவு: முள்தலைப் புழுவும் உடனிருந்தால் நாடாப்புழு குடலின் முன்பகுதியை விட்டுப் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அதனால் சிறுகுடலை அலசுமுன், நாடாப்புழுவின் தலை ஒட்டியிருக்கும் இடம் இரைப்பையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள்.